நகரத்திற்கு நீர் தேடிய தலைவர்: தீரர் சத்தியமூர்த்தி அவர்கள் சரிதம்

ஊர் என்று ஒன்று அமைவதற்கு முன்னே நீர் என்று ஒன்று வேண்டும். நம் முன்னோர் குடியிருப்பு வகுக்குங்கால் முதற்கண் குளந் தொட்டு, ஏரி கட்டி, கால்வாய் வெட்டி, அதன் பின்னரே வீடு எடுத்தனர். வள்ளுவப் பெருந்தகையார் கடவுள் வாழ்த்தை அடுத்து வான் சிறப்பை வைத்ததும் இக்கருத்துப் பற்றியே என்று பெரியோர் கூறுவர். நம் சங்கத்து அன்பர் பலர் குடியிருக்கும் ஈக்காட்டுத்தாங்கலின் பெயரே இதற்குத் தக்க சான்றாகும். தாங்கல் என்பது மழை நீரைத் தாங்கி வைக்கும் சிறிய ஏரியைக் குறிக்குஞ் சொல். பழவந்தாங்கல், வேடந்தாங்கல் முதலிய ஊர்ப்பெயர்களும் அவ்வாறு வந்தனவே. ஊரின் பெயரில் தாங்கல் இருக்கிறது. ஊரார் குடிக்கும் நீரோ இன்று நெடுந்தூரத்திலிருந்து வருகிறது. அந்நீர் வரும் வழிகளுள் ஒன்றைத் திறந்து வைக்க முயன்றவர் யார், எத்தகைய காலத்தில் முயன்றார், அதற்கு அவர் கொடுத்த விலை யாது என்பவற்றை நம் பிள்ளைகள் அறிந்திருத்தல் வேண்டும். ஆதலின் இத்திங்கள் சென்னை மாநகரின் மேயராக விளங்கிய தீரர் சத்தியமூர்த்தி அவர்களின் சரிதத்தைச் சுருக்கமாக எழுதப் புகுந்தோம்.

இவர் நம் குலத்திற் பிறந்தவரல்லர். ஆயினும் என்? குலத்துக்கு உழைத்தவரைக் குலத்தார் போற்றுவர். ஊருக்கு உழைத்தவரை எல்லாக் குலத்தாரும் போற்றக் கடவர். குழாயைத் திறக்கும்போது அந்நீர் நம் குலம் யாதென்று வினவுகின்றதில்லையன்றோ?

இளமையும் கல்வியும்

புதுக்கோட்டைச் சமஸ்தானத்தைச் சேர்ந்த திருமயத்தில் 1887-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 19-ஆம் நாள் சத்தியமூர்த்தி பிறந்தார். தந்தையார் சுந்தர சாஸ்திரிகள் வழக்கறிஞர். இளம் பருவத்திலேயே தந்தையை இழந்த இவர், புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் கற்று, பின்னர்ச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்று, சட்டமும் படித்து, புகழ் பெற்ற வழக்கறிஞராகிய ஸ்ரீநிவாச ஐயங்காரிடம் தொழில் பழகினார். ஆயினும் நீதிமன்றம் இவரை நெடுநாள் பிடித்து வைக்க இயலவில்லை. தமிழிலும் ஆங்கிலத்திலும் தங்கு தடையின்றிப் பொழியும் நாவன்மை இவரைப் பொது மேடைக்கு இழுத்தது. 1919-இல் இந்திய அரசியற் சீர்திருத்தம் பற்றிப் பார்லிமெண்டுக் கமிட்டியின் முன் காங்கிரஸின் கருத்தை எடுத்துரைக்க இங்கிலாந்து சென்ற தூதுக்குழுவில் இவரும் ஒருவராயிருந்தார். அப்போது இவருக்கு வயது முப்பத்திரண்டு.

கலைகளிலும் இவருக்கு ஆழ்ந்த ஈடுபாடு இருந்தது. சுகுண விலாச சபையின் நாடகங்களில் வேடம் புனைந்து நடித்தார். சங்கீதத்தையும் பரதநாட்டியத்தையும் படித்தவர் இகழ்ந்து பேசிய காலத்தில் அவற்றின் பக்கம் நின்று வாதாடினார். இவற்றை விரிக்கின் கட்டுரை வேறு திசையிற் செல்லுமாதலின் இவ்வளவோடு நிறுத்துகின்றோம்.

சட்டசபைப் பணி

காங்கிரஸில் அக்காலத்தே இரு கருத்துக்கள் நிலவின. அந்நியர் அமைத்த சட்டசபைக்குள் அடியெடுத்து வைப்பதே தவறு என்பது ஒரு கருத்து. உள்ளே புகுந்து, அவர் கொடுத்த கருவியைக் கொண்டே அவரை எதிர்த்தல் வேண்டும் என்பது மற்றொரு கருத்து. சத்தியமூர்த்தி இரண்டாவது கருத்தினர். சுயராஜ்யக் கட்சியின் சார்பில் 1923-இல் சென்னைச் சட்டசபை புகுந்தார். பாரதியாரின் பாடல் நூல்களை அரசாங்கத்தார் 1928-இல் பறிமுதல் செய்தபோது அச்சபையில் எழுந்து அதனைக் கண்டித்துப் பேசியவர்களுள் இவர் முன்னணியில் நின்றார். உப்புச் சத்தியாக்கிரக காலத்திலே சிறையும் புகுந்தார். 1934-இல் நடந்த தேர்தலில் சென்னை நகரத்தின் சார்பில் ராமசாமி முதலியாரை வென்று மத்திய சட்டசபைக்குச் சென்று, ஆண்டுக் காங்கிரஸ் கட்சியின் உபதலைவராக விளங்கினார். அரசாங்கத்தாரின் வரவுசெலவுக் கணக்கை வரி வரியாகப் பிரித்துக் கேள்வி கேட்பதில் இவரை மிஞ்சுவார் இல்லை எனப் பெயர் பெற்றார். தமிழ்நாட்டுக் காங்கிரஸின் தலைமையை ஏற்றதும், விருதுநகர்க் காமராஜர் என்னும் இளைஞரைத் தமக்குத் துணையாகக் கொண்டு வளர்த்ததும் இக்காலத்தனவே.

இத்துணைச் சிறப்பிருந்தும் 1937-இல் சென்னை ராஜதானியில் காங்கிரஸ் மந்திரிசபை அமைந்தபோது இவர் மந்திரியாகவில்லை. இராஜாஜி முதன் மந்திரியானார். மனம் புண்பட்டு ஒதுங்குதற்கு இது போதிய காரணமாகும். இவரோ ஒதுங்கவில்லை. மந்திரி பதவிக்குரியவர் என்று பலரும் எண்ணிய அம்மனிதர், ஈராண்டு கழித்து, சாக்கடையும் குழாயும் தெருவிளக்கும் பள்ளிக்கூடமும் பற்றிப் பேசும் நகரசபையின் தலைமைக்கு வந்தார். பெரிய பதவி கிடைக்காதவன் சிறிய வேலையை இகழ்வது உலக இயல்பு. அவ்வியல்பு இவரிடம் இல்லாமையே நம் நகரத்தின் நற்பேறாயிற்று.

போர் மூண்ட ஆண்டில் நகரத் தலைமை

1939-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் நாள் பிரிட்டன் ஜெர்மனிமீது போர் தொடுத்தது. இந்திய மக்களின் கருத்தைக் கேளாமலே இந்தியாவும் போரில் இறங்கியதாக வைஸ்ராய் அறிவித்தார். இதனைக் கண்டித்துக் காங்கிரஸ் மந்திரிசபைகள் விலகின. அக்டோபர் மாத இறுதியில் சென்னை மந்திரிசபையும் விலகியது. சட்டசபை ஓய்ந்தது. மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட மந்திரிகளின் இடத்திலே கவர்னரும் அவருடைய ஆலோசகர்களும் ராஜதானியை ஆளலாயினர். இந்நிலையில்தான் 1939-இன் இறுதியில் சத்தியமூர்த்தி சென்னையின் மேயரானார்.

அந்நாளில் மேயர் பதவியின் வலிமை யாது என்பதை நம் வாசகர் நன்கு உணர்தல் வேண்டும். மேயர் ஓராண்டுக்கே தேர்ந்தெடுக்கப்பெறுவார். ரிப்பன் மாளிகையில் நடக்கும் சபைக்கு அவர் தலைமை வகிப்பார். ஆனால் ஆணை பிறப்பிக்கும் நிர்வாக அதிகாரம் கமிஷனரிடம் இருந்தது. பெரிய செலவுக்கும் கடனுக்கும் அரசாங்கத்தின் இசைவு வேண்டும். ஆகவே மேயரிடம் எஞ்சிய கருவி அவருடைய சொல் ஒன்றே. சத்தியமூர்த்திக்கு அக்கருவி போதியதாயிருந்தது.

நகரத்தின் நிலையோ கவலைக்கிடமாயிருந்தது. முற்காலத்தில் சென்னையார் வீட்டுக் கிணற்றையும் கோயிற் குளத்தையும் நம்பியிருந்தனர். கோட்டையிலிருந்தோர்க்கு ஏழுகிணறு இருந்தது. 1872-இல் செங்குன்றம் ஏரியிலிருந்து கால்வாய் வழியாக நகருக்கு நீர் கொண்டு வந்தனர். நாற்பது ஆண்டுக்கு மேல் அந்நீர் வடிகட்டப்படாமலே வந்தது. 1914-இல் கீழ்ப்பாக்கத்தில் வடிகட்டும் நிலையம் அமைந்த பின்னரே தூய நீர் குழாயில் வரலாயிற்று. ஆனால் நீர் தூயதாயிற்றேயன்றி, மிக்கதாகவில்லை. 1931-இல் ஏறத்தாழ 6 இலட்சத்து 47 ஆயிரமாயிருந்த நகர மக்கள் 1941-இல் 7 இலட்சத்து 77 ஆயிரமாயினர். மழை ஒரு பருவம் பொய்த்தால் ஏரி வறளும். ஏரி வறண்டால் குழாயடியில் குடங்கள் வரிசையாய்க் காத்துக் கிடக்கும். பத்தாண்டில் 1 இலட்சத்து 30 ஆயிரம் பேர் கூடிய ஊருக்குப் பழைய ஏரிகளே போதும் என்று எவர் சொல்லக்கூடும்?

பூண்டி

திருவள்ளூருக்கு மேற்கே கொசஸ்தலை ஆறு வருகிறது. ஆண்டின் பெரும்பகுதி மணலாய்க் கிடக்கும் அவ்வாற்றில் ஐப்பசி கார்த்திகை மழையில் வெள்ளம் பெருகும். தாமரைப்பாக்கத்து அணைக்கட்டினால் அவ்வெள்ளத்தில் ஒரு பகுதி சோழவரத்திற்கும், அங்கிருந்து செங்குன்றத்திற்கும் திருப்பப்பட்டது. ஆனால் அணைக்கட்டு நீரைத் திருப்புமேயன்றித் தேக்கி வைக்காது. எனவே சில நாட்களில் வந்த பெருவெள்ளத்தின் பெரும்பகுதி எண்ணூர் வழியே கடலிற் சேர்ந்து வீணாயிற்று. கோடையிலோ நகரம் நீருக்குத் தவித்தது. கடலுக்குச் செல்லும் நீரை மேலேயே பூண்டியில் அணை கட்டித் தேக்கி, வேண்டுங்கால் ஆற்று வழியே தாமரைப்பாக்கத்துக்கு விடுதல் வேண்டும் என்பதே பூண்டித் திட்டத்தின் சாரம். திட்டம் எளிது, அதற்குரிய காலந்தான் அரிது.

போர்க்காலத்தில் அரசாங்கத்தின் கருத்தெல்லாம் படையின்மேலேயே இருக்கும். இரும்பு படைக்கு வேண்டும். சிமெண்டு படைக்கு வேண்டும். பணமும் படைக்கே வேண்டும். போர் முடியட்டும், பிறகு பார்ப்போம் என்னும் விடையைக் காட்டிலும் எளிதான விடை எந்த அதிகாரிக்கும் கிடையாது. அவ்விடையில் நியாயமும் ஓரளவு இருந்தது. ஆயினும் போர் முடியும்வரை தாகம் பொறுக்குமா? போர் எப்போது முடியும் என்பதை அன்று அறிந்தவர் எவர்? போர்க்காலத்தில் துறைமுகத்துக்கும் தொழிற்சாலைக்கும் ஆட்கள் வந்து குவிவர், குடிகள் பெருகுவர், நோய் தோன்றின் விரைந்து பரவும். ஆதலின் போர் என்பது நீர்த்திட்டத்தை ஒத்தி வைப்பதற்கன்று, விரைவு படுத்துவதற்கே காரணமாகும். இங்ஙனம் வாதித்தற்கு இடமிருந்தது. வாதிக்க வல்லவரும் மேயர் ஆசனத்தில் இருந்தார்.

ஈண்டு ஓர் இடர்ப்பாட்டை நம் அன்பர் ஊன்றிக் கருதுதல் வேண்டும். சத்தியமூர்த்தி காங்கிரஸின் தலைவர்களுள் ஒருவர். அவருடைய கட்சி அரசாங்கத்தோடு ஒத்துழையாமையை மேற்கொண்டு மந்திரி பதவிகளைத் துறந்துவிட்டது. 1940-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ஸர் ஆர்தர் ஹோப் என்பார் புதிய கவர்னராக வந்தார். தம் கட்சியார் எதிர்த்து நிற்கும் அதே கவர்னரிடத்திலே மேயர் சென்று, நகரத்துக்கு அணை வேண்டும் என்று கேட்டல் வேண்டும். கேளாதிருந்தால் கட்சிமானம் காக்கப்படும், நகரம் வறளும். கேட்டால் நகரம் பிழைக்கும். எதிரியின் வாயிலில் நின்றார் என்ற பழி வரும். இவ்விரண்டினுள் எதனைத் தேர்ந்துகொள்வது?

சத்தியமூர்த்தி கேட்டார். தமக்கென்று ஒன்றும் கேட்டாரில்லை. கொள்கையை விட்டுக் கொடுத்தும் கேட்டாரில்லை. நாட்டின் விடுதலை வேறு, நகரத்தின் குடிநீர் வேறு என்று அவர் பிரித்ததாக நாம் கருதவில்லை. விடுதலையும் மக்களுக்காக, குடிநீரும் மக்களுக்காக என்று இரண்டையும் ஒன்றாகவே கண்டார் என்பது அவருடைய பிற்கால வாழ்க்கையால் விளங்கும். கவர்னர் இணங்கினார். 1940-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பூண்டி நீர்த்தேக்கத்திற்கு அடிக்கல் நாட்டப்பெற்றது. மேயராகி ஓராண்டு நிறைவதற்குள், போர் நடந்துகொண்டிருக்கையிலேயே, கூடாது என்று சொல்லுதற்கு எல்லாக் காரணமும் இருந்த ஒரு வேலை தொடங்கிவிட்டது.

இவ்வணையால் இழந்தாரும் உண்டு என்பதை நாம் மறைத்தல் தகாது. நீர் தேங்குமிடத்தில் இருந்த நிலங்கள் நீருட் சென்றன. சுந்தரமூர்த்தி சுவாமிகள் கண்ணிழந்து வந்தபோது இறைவன் ஊன்றுகோல் அளித்த திருவெண்பாக்கம் என்னும் பாடல் பெற்ற தலமும் அவ்விடத்தே இருந்தது. பழைய கோயில் நீர்த்தேக்கத்துக்கு இடங் கொடுக்க, மூர்த்திகளை எழுந்தருளச் செய்து வேறிடத்தில் கோயில் எடுத்தனர். நகரத்தார் குடிக்கும் ஒவ்வொரு குடத்திலும் அச்சிற்றூராரின் தியாகமும் கலந்திருக்கிறது. நன்றி கூறுவோர் அவர்களையும் நினைத்தல் முறை.

சிறையும் முடிவும்

மேயர் பதவிக் காலம் 1940-இன் இறுதியில் முடிந்தது. அணைக்கு இசைவு பெற்றுத் தந்த அரசாங்கத்தின் நன்மதிப்பைப் பற்றிக்கொண்டு இவர் இனிது வாழ்ந்திருக்கலாம். அவ்வாறு செய்தாரில்லை. காந்தியடிகள் தொடங்கிய தனிநபர் சத்தியாக்கிரகத்தில் கலந்து சிறை புகுந்தார். கவர்னரிடம் நகரத்துக்காகக் கேட்ட அதே மனிதர், நாட்டுக்காக அக்கவர்னரின் சிறையில் இருந்தார். முன்னே நாம் குறித்த பழிக்கு இதனினும் சிறந்த விடை வேண்டுமோ?

இதற்கிடையில் போர் சென்னையின் வாயிலுக்கே வந்தது. நகரத்து முதியோர் 1914-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் இரவில் எம்டன் என்னும் ஜெர்மானியக் கப்பல் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்ததை மறந்திலர். 1941 டிசம்பரில் ஜப்பான் போரில் இறங்கியது. சிங்கப்பூரும் இரங்கூனும் அடுத்தடுத்து வீழ்ந்தன. 1942 ஏப்ரல் 6-ஆம் நாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு வீழ்ந்தது. சென்னை நடுங்கியது. அரசாங்க அலுவலகங்கள் பல உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றப்பட்டன. மக்கள் மூட்டை முடிச்சுகளுடன் இரயிலுக்கும் வண்டிக்கும் ஓடினர். குண்டு வீழ்ந்து கூண்டு உடைந்தால் ஊருக்குள் புகுந்துவிடுமே என்று அஞ்சி, நகரசபையின் மிருகக்காட்சிச் சாலையிலிருந்த கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றனர். இத்தகைய கலக்கத்திலும் இருளிலும் விளக்கும் குழாயும் துப்புரவும் நடந்தாக வேண்டும். நகரசபையின் வேலைக்கு ஓடிப்போக ஊரில்லை. அவ்வாண்டுகளில் பூண்டியிலும் மண் சுமந்தவர் சுமந்தனர். கல் அடுக்கியவர் அடுக்கினர்.

1942 ஆகஸ்டில் வெள்ளையனே வெளியேறு என்னும் தீர்மானம் பம்பாயில் நிறைவேறியது. நாடெங்கும் தலைவர்கள் கைது செய்யப்பட்டனர். அடிக்கல் நாட்டிய ஆகஸ்டுக்குச் சரியாக ஈராண்டு கழிந்த இந்த ஆகஸ்டில் சத்தியமூர்த்தியும் மீண்டும் சிறைப்பட்டார். மத்திய மாகாணத்து அமராவதிச் சிறைக்கு அவரைக் கொண்டு சென்றனர். வழிப்பயணத்தில் முதுகெலும்பிற் பட்ட ஊறும், முன்னமே நலிந்திருந்த உடலும் சேர்ந்து அவரைப் படுக்கையில் வீழ்த்தின. சென்னைக்குக் கொண்டு வரப்பட்டு, பொது மருத்துவமனையில் 1943-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 28-ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தாறும் நிரம்பவில்லை. அவர் வளர்த்த காமராஜர் அன்று சிறையில் இருந்தார். குருநாதரின் முகத்தைக் கடைசி முறை காணும் பேறும் அவருக்குக் கிட்டவில்லை.

1944-ஆம் ஆண்டு ஜூன் மாதம் பூண்டி நீர்த்தேக்கம் திறக்கப்பட்டது. தொடக்கத்தில் 2,573 மில்லியன் கன அடி நீர் கொள்ளுமாறு அமைந்த அத்தேக்கம், பின்னாளில் கரை உயர்த்தப்பட்டு 3,231 மில்லியன் கன அடி கொள்வதாயிற்று. அடிக்கல் நாட்டிய காலத்துக் கவர்னர் இருந்தார்; கேட்டுப் பெற்ற மேயர் இல்லை. நாடு விடுதலை பெறுவதையும் அவர் காணவில்லை, நகரம் நீர் பெறுவதையும் காணவில்லை. தாம் உண்ணாத பழத்துக்கு விதை நட்டுச் சென்றார் என்று கூறுதல் பொருந்தும். அந்நீர்த்தேக்கத்துக்குப் பிற்காலத்தார் சத்தியமூர்த்தி சாகர் என்று பெயரிட்டது முறையேயாம்.

நாம் கொள்ளத்தக்கவை

ஈக்காட்டுத்தாங்கல் 1940-இல் நகர எல்லைக்கு வெளியே, அடையாற்றங்கரையில் ஒரு சிற்றூராக இருந்தது. பின்னர் நகரம் வளர்ந்து அதனை விழுங்கியது. தாங்கல்கள் தூர்ந்தன, மாடிகள் எழுந்தன. 1996-இல் கிருஷ்ணா நதி நீர் பூண்டிக்கு வந்து சேர்ந்தது. 2004-இல் வீராணத்து நீர் வந்தது. கடல் நீரையும் குடிநீராக்கினர். இத்தனை இருந்தும் 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டு நம் தெருக்களில் ஆளுயரம் நீர் நின்றதையும், 2019 கோடையில் ஏரிகள் எல்லாம் வறண்டு ஜோலார்ப்பேட்டையிலிருந்து இரயிலில் நீர் வந்ததையும் நாம் கண்ணாரக் கண்டோம். மிகினும் துன்பம், குறையினும் துன்பம். நடுவே தேக்கி வைக்கும் அறிவே ஊரைக் காப்பது. தாங்கல் கட்டிய முன்னோர்க்கும் பூண்டி கேட்ட மேயருக்கும் அவ்வறிவு இருந்தது.

நம் சமூகத்தில் நகரசபைத் தேர்தலில் நிற்க விரும்பும் இளைஞர் பலர் உளர். நம்மவர் ஒருவர் ஆசனத்தில் அமர்ந்தால் நமக்குப் பெருமை என்று நாமும் வாக்குத் தேடிச் செல்கின்றோம். பெருமை ஆசனத்தில் இல்லை என்பதை இச்சரிதம் காட்டுகின்றது. சத்தியமூர்த்திக்கு முன்னும் பின்னும் மேயர்களாயிருந்தார் பலர். அவர்தம் பெயரை நம்மில் எத்தனை பேர் சொல்லுதல் கூடும்? ஓராண்டுப் பதவி, ஆணையிடும் அதிகாரமின்மை, போர்க்காலம், பகையான அரசாங்கம் ஆகிய நான்கு சாக்குகளும் அவர் கையில் இருந்தன. ஒன்றையும் அவர் எடுத்துக்கொள்ளவில்லை. பொதுப்பணிக்கு வருவோர் இதனைக் கருத்திற் கொள்வாராக. காலம் சரியில்லை என்று சொல்லும் நாள் எல்லார்க்கும் வரும். அந்நாளில் என் ஊருக்கு யாது தேவை என்று வினவுவார் சிலரே.

இதனைப் படிக்குந் தாய்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள். காலையில் குழாய் திறந்து குடம் நிரப்புங்கால் பிள்ளைகள் பக்கத்தில் இருப்பின், இந்நீர் வரும் வழியில் பூண்டி என்று ஓர் ஊர் உண்டு என்றும், போர்க்காலத்தில் அதனைக் கேட்டுப் பெற்ற ஒருவர் அதைக் காணாமலே மாண்டார் என்றும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். ஒரு சொட்டு நீரும் வீணாக்காத பிள்ளைகளாய் அவர்கள் வளர்வார்களாக.

தீரர் சத்தியமூர்த்தியின் புகழ் வாழ்க! நீர்வளம் பெருகுக!